கேள்வி பதில்: ஃப்ரெஸ்னோல கிளைமேட் எப்படி?

கேள்வி: என் பொண்ணு கல்யாணமாகி கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோ போறா. அங்க மழையே கிடையாது, ஆனா விவசாயம் செழிப்புன்னு சொல்றாங்களே, எப்படிங்க? – வாசகி, மதுரை

பதில்: அது சான் வாக்கீன் பள்ளத்தாக்கும்மா. வருஷத்துக்கே சுமார் 280 மில்லிமீட்டர் மழைதான், அதுவும் நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள முடிஞ்சிரும், ஏன்னா கோடையில பசிபிக் கடல் மேல காத்தழுத்தம் அதிகமான ஒரு மண்டலம் வந்து உக்காந்துக்கிட்டு மழை மேகத்தையெல்லாம் வடக்கால தள்ளிவிட்டுரும். ஜூலையில பகல் வெயில் சராசரியா 37 டிகிரி, ஆனா நம்மூரு மாதிரி கசகசப்பு இல்ல, ராத்திரி நல்லா இறங்கிரும். தண்ணி கிழக்கால இருக்கிற சியரா நெவாடா மலையில இருந்து வருது, குளிர்காலத்துல விழுந்த பனி கோடையில உருகி ஆறு, அணை, கால்வாய்னு தோட்டத்துக்குப் போகுது. பாதாமுக்கு அந்தக் குளிர் கண்டிப்பா வேணும், அது இருந்தாத்தான் பிப்ரவரியில ஊரே வெள்ளையா பூக்கும், பாக்க அவ்ளோ அழகு! செப்டம்பர்ல திராட்சையை வரிசைக்கு நடுவுல பேப்பர்ல பரப்பி வெயில்லயே காயவச்சு கிஸ்மிஸ் ஆக்குவாங்க, அப்ப மழை வந்தா விவசாயி பாடு ரொம்ப கஷ்டம்.

முக்கியமா ஒண்ணு, டிசம்பர் ஜனவரியில டூலின்னு அங்க சொல்ற அடர்த்தியான மூடுபனி தரையோட படுத்துக்கும், எதிர்ல வர்ற வண்டியே தெரியாது. காலையில அவசரப்பட்டு கார் எடுக்க வேணாம்னு பொண்ணுகிட்ட கட்டாயம் சொல்லிருங்க.