பெட்டியின் எடை: வாசகர் கேள்விகள்

செம்பூர் வாசகி: மும்பையிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிறோம். ஆளுக்கு 15 கிலோ அனுமதி. வீட்டில் சரியாக இருக்கும் எடை, விமான நிலையத்தில் கூடிவிடுகிறதே, ஏன்?

பெரும்பாலும் வீட்டுத் தராசுதான் காரணம். ஆள் ஏறி நிற்கும் தராசில் பெட்டியை அப்படியே வைத்தால் ஓரங்கள் வெளியே நீண்டு எடை தப்பும். முதலில் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். தராசு வெறும் தரையில் இருக்க வேண்டும். மிதியடி மேல் வைத்தால் தவறாகக் காட்டும். கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு இதைவிட நல்லது. பிரிக்காத 10 கிலோ அரிசி மூட்டையை மாட்டி, அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். எப்படியானாலும் 14.5 கிலோவில் நிறுத்திக்கொள்வதே நிம்மதி.

காலிப் பெட்டியையும் எடை போடுங்கள். பெரிய கெட்டிப் பெட்டி தானே 4, 5 கிலோ வரும். அதில் 10 கிலோதான் சாமான் வைக்க முடியும். நடுத்தர அளவுத் துணிப்பெட்டி 3 கிலோவுக்குள் கிடைக்கும். 15 கிலோவை இரண்டு பைகளாகப் பிரிக்கும் முன் டிக்கெட்டைப் பாருங்கள். சில நிறுவனங்களில் ஒரே பைதான். எடை குறைவாக இருந்தாலும் இரண்டாவது பைக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கனமான ஜரிகைப் பட்டுப்புடவை ஒன்று மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். ஷூ, ஜீன்ஸ் போன்றவற்றைப் போட்டுக்கொண்டே போங்கள். நகை, வெள்ளி எல்லாம் 7 கிலோ கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒரே பிஎன்ஆரில் பதிவு செய்திருந்தால் பல நிறுவனங்கள் மொத்த எடையைக் கூட்டிப் பார்க்கும். அதற்கு எல்லோரும் ஒன்றாகக் கவுன்டருக்குப் போக வேண்டும். அப்படியும் மிஞ்சினால் கூடுதல் எடையை ஆன்லைனில் முன்பே வாங்குங்கள். கவுன்டரில் விலை அதிகம். சீர்வரிசைச் சாமான் நிறைய இருந்தால் ரயிலே மேல் என்பேன்: மூன்றாம் ஏசியில் ஆளுக்கு 40 கிலோ இலவசம்.

மாட்டுங்கா வாசகர்: அமெரிக்கா போக 23 கிலோவில் இரண்டு பெட்டிகள். ஒன்று 26, மற்றது 20 என்று வைக்கலாமா? மொத்தம் 46தானே?

கூடாது. டிக்கெட்டில் '2 பிசி' (இரண்டு பெட்டி) என்றிருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வரம்பு. 26 கிலோ பெட்டிக்கு அதிக எடைக் கட்டணம் விழும். மற்றதில் காலியாக உள்ள 3 கிலோ கணக்கில் வராது. '30 கே' (30 கிலோ) என்றிருந்தால்தான் மொத்த எடை பார்ப்பார்கள். அப்போதும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. மதுரையிலிருந்து கிளம்பி, மதுரை–மும்பை டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் அந்தப் பகுதிக்கு உள்நாட்டு 15 கிலோதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முடிந்தவரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

முலுண்ட் வாசகி: ஊரிலிருந்து திரும்பும்போது கொப்பரை, ஊறுகாய், பவர் பேங்க் எதில் வைப்பது?

கொப்பரை எதிலுமே கூடாது. எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஊறுகாயும் நெய்யும் செக்-இன் பெட்டியில்: மூடியைச் சுற்றி டேப், இரண்டு பிளாஸ்டிக் உறை, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் அவர். 100 வரை அனுமதி உண்டு. மேலே அச்சிட்டிருக்கும் அளவு அழிந்துபோயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடக்கூடும்.