குதிரையைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இலங்கையின் நெடுந்தீவில் மாட்டிக்கொண்டு நாலு நாள் இருந்த கதையை ரெண்டு வரியில் சொல்லிவிட்டேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இந்த முறை முழுக்கத் தீவுதான்.

நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ரிசார்ட், நீச்சல்குளம் எதுவும் வேண்டாம். கடலுக்கு நடுவே ஒரு கிராமத்தில் நாலு நாள் சும்மா இருக்க வேண்டும். நெடுந்தீவு சரிவருமா? — மதுரை வாசகர்

தாராளமாகச் சரிவரும். ஆனால் தினமும் காலையில் எழுந்து "இன்னைக்கு என்ன பார்க்கப்போறோம்" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது.

நெடுந்தீவு என்ற பெயர் நமக்கெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் பழக்கம்: "நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த மீனவர்கள் கைது." வருஷம் முழுக்க இதைப் பேப்பரில் படிக்கிறோம், அந்த "அருகே"வுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், கோயில், சர்ச், ரேஷன் வாங்க சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் உள்ள ஓர் ஊர் இருக்கிறது என்பது மட்டும் தோன்றுவதில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலம். ஜனம் நாலாயிரம் பேரளவில். போர்த்துகீசியர் இதைப் 'பசுக்களின் தீவு' என்றார்கள், அப்புறம் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே சூட்டி 'டெல்ஃப்ட்' ஆக்கினார்கள். வரைபடத்தில் இன்னமும் அந்தப் பெயர்தான், ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடு பள்ளம் கிடையாது. பனை, புல்வெளி, அப்புறம் கல்வேலி. தீவு முழுக்க வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம், கடலில் கிடைக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டுகளை, இடுப்பளவு, நெஞ்சளவு அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிமென்ட் இல்லை, மண்பூச்சும் இல்லை. நான் தங்கிய வீட்டுக்கு எதிரே ஆடு தாவிச் சரிந்துபோன வேலியை ஓர் அம்மா காலையில் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார், கையில் புரட்டுவார், வைப்பார், ஆட்டிப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் கீழே போட்டுவிட்டு வேறு கல். அந்தக் கல்லின் சொரசொரப்பே ஒன்றோடொன்று கவ்விக்கொள்கிறது. "சீமெந்து பூசினா என்னம்மா?" என்று கேட்டேன். "பூசினா காத்து தள்ளி விழுத்திப்போடும் தம்பி. இது ஓட்டைக்குள்ளால காத்தை விட்டிடும்" என்றார். எனக்கு ஐம்பத்தாறு வயது. தம்பி என்றதில் அன்று முழுக்க உற்சாகமாக இருந்தேன்.

பாதி வேலிகளுக்குப் பின்னால் வீடு பூட்டிக் கிடக்கும், சிலவற்றில் கூரையே இருக்காது. சண்டைக் காலத்திலும் அதற்கு முன்னும் தீவை விட்டு வன்னிப் பெருநிலத்துக்குப் போனவர்கள், கனடா, பிரான்ஸ் போனவர்கள். அமைதியான ஊர் என்று நாம் ரசிப்பதில் ஒரு பங்கு இந்த வெறுமைதான், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

எப்படிப் போவது? செலவு கூடுமா? — கோவில்பட்டி, தஞ்சாவூர், சேலம், இன்னும் பலர்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம், ஒன்றேகால் மணி நேரம். கடல் வழி பிடிக்கும் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தார்கள். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவது உண்டு, அதனால் தேதியை உறுதிசெய்த பிறகு லீவு போடுங்கள். இலங்கைக்கான நுழைவு அனுமதியை ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் பஸ். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைக் கோத்துக்கொண்டே போகிறது, ரெண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் கடல், நடுவே ரோடு. இதற்காகவே ஜன்னல் ஓரம் பிடியுங்கள். குறிகட்டுவானில் இறங்கினால் ஒரே துறையிலிருந்து நயினாதீவுக்கும் படகு, நெடுந்தீவுக்கும் படகு. கூட்டம் ஓடுகிற பக்கம் நீங்களும் ஓடினால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் போய் நிற்பீர்கள். அதுவும் நல்லதுதான், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. நெடுந்தீவுப் படகு ஒரு மணி நேரம். முட்டை அட்டை, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறும், அதற்குள் நீங்களும். ஊர்க்காரர்களுக்கு இதுதான் டவுன் பஸ், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கூட இதில்தான். கூட்டமாக இருந்தால் முதலில் அவர்கள் ஏறட்டும்.

செலவு பெரிதாக ஆகாது. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தங்க சில விடுதிகள் உண்டு, வீட்டிலேயே அறை தருகிறவர்களும் உண்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எந்த மாதம்? — திருநெல்வேலி வாசகி

பிப்ரவரி, மார்ச். மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். வைகாசி, ஆனி தொடங்கி அவர்கள் சோளகம் என்கிற காற்று பிடித்துக்கொண்டால் கடல் கொந்தளிக்கும். நான் மாட்டிக்கொண்டது அதில்தான். ஒரு ராத்திரி தங்கப் போனவன், மறுநாள் படகு இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை, விமான டிக்கெட் பணம் போயே போச்சு. படகுக்கும் விமானத்துக்கும் நடுவே ரெண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். ஆகஸ்டில் போனால் வேறொரு தீவைப் பார்ப்பீர்கள்: நிலம் பொரிந்துபோய், தீவில் தாமாகத் திரியும் குதிரைகள் எலும்பு தெரிய நிற்கும்.

காலையில் போய் மாலை திரும்பும் ஒருநாள் சுற்றுலா என்கிறார்களே, அது போதாதா? — சென்னை வாசகர்

போதும், படம் பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். மாவலித் துறையில் இறங்கினால் ஆட்டோக்காரர் காத்திருப்பார். குதிரை, டச்சுக் கோட்டையின் மிச்சம், தூது போன புறாக்களை வளர்த்த பழைய கூண்டு, வளர்ந்துகொண்டே இருப்பதாக ஊரார் நம்பும் 'வளரும் கல்', உள்ளே நாலைந்து பேர் நிற்கிற மாதிரி பொந்து விழுந்த பெருக்க மரம். ரெண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மதியப் படகில் தூங்கிக்கொண்டே திரும்பினேன். பெருக்க மரம் இந்த மண்ணின் மரமே இல்லை, அரபு வியாபாரிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். அதன்மேல் நம் ஆட்கள் பெயரைச் செதுக்கி வைத்திருப்பதை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசிப் படகு போன பிறகு பாருங்கள். ஆட்டோ சத்தம் நின்றுவிடும். துறையில் இருந்த கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதுவரை "வாங்கோ, என்ன வேணும்" என்று கேட்டவர், "எங்கயிருந்து வாறியள், எத்தனை பிள்ளையள்" என்று ஆரம்பிப்பார். ஆடுகள் தாமாக வீடு திரும்பும். ஒரு பக்கம் கோயில் மணி, இன்னொரு பக்கம் சர்ச் மணி. பேச்சு வளர்ந்தால் வெடியரசன் கதை வரும். தீவை ஆண்டவன் வெடியரசன், கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலில் வந்தவன் மீகாமன், ரெண்டு பேருக்கும் சண்டை. நாம் படித்த சிலப்பதிகாரத்தில் இது கிடையாது, இந்தக் கடலோரத்துக் கதை. வெடியரசன் கோட்டை என்று காட்டுகிற இடத்தில் பௌத்த தூபிகளின் அடித்தளமும் இருக்கிறது. அதை யார் கட்டியது என்ற விவாதத்தில், புதிதாகப் போகிற நீங்கள் கருத்து சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது உத்தமம்.

குதிரையில் சவாரி போகலாமா? என் மகன் கேட்கிறான். — ஈரோடு வாசகி

கூடாது. அவை யாருக்கும் பழகாத மட்டக்குதிரைகள். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் வளர்த்தவற்றின் வம்சம், பிற்காலத்தில் கேட்பாரில்லாமல் காட்டுத்தனமாகிவிட்டன. 2015-இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். தூரத்தில் நின்று பாருங்கள். பிஸ்கட் போட வேண்டாம் என்றும் மகனிடம் சொல்லுங்கள்.

சாப்பாடு? நாங்கள் சைவம். — கும்பகோணம் வாசகர்

பட்டினி கிடக்க மாட்டீர்கள். சோறு, பருப்பு, சொதி, முருங்கையிலை வறை, பிட்டு எல்லாம் கிடைக்கும், முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடை குறைவு, அளவாகத்தான் சமைப்பார்கள்.

ஆனால் அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒடியல் கூழ் குடிக்காமல் வரக் கூடாது. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் கசப்பு இருக்கும், அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிந்த நீரை இறுத்துவிட்டுத்தான் பாவிப்பார்கள். பெரிய பானையில் மீன் தலை, நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு எல்லாம் வேகும்போது, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த மாவும் சேரும், கடைசியில் முருங்கையிலை. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றித் தருவார்கள். அதைக் கீழே வைக்க முடியாது, சாய்ந்துவிடும். கையிலேயே பிடித்துக்கொண்டு, மூக்கில் நீர் வடிய, நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டு, சுற்றி உட்கார்ந்து குடிக்க வேண்டியதுதான். ஒருவர்கூட மொபைலை எடுக்கவில்லை, எடுக்கக் கை இல்லை.

அங்கிருந்து கச்சத்தீவுக்குப் போகலாமா? — விருதுநகர் வாசகர்

நினைத்த நாளில் முடியாது. நிர்வாகத்தில் அது நெடுந்தீவோடு சேர்ந்ததுதான், ஆனால் அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், பிப்ரவரி அல்லது மார்ச்சில், அனுமதி உண்டு. நீங்கள் ராமேஸ்வரத்தில் பதிவு செய்து போவதே சுலபம்.

எங்கள் ஊர்ப் படகுகள்மீது அவர்களுக்குக் கோபம் என்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரன் என்று சொல்லலாமா? — ராமநாதபுரம் மாவட்ட வாசகர்

சொல்லுங்கள். மறைத்தாலும் நாம் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. போர்க்காலத்தில் அவர்களைக் கடலுக்கே விடவில்லை. 2009-க்குப் பிறகு சின்னப் படகும் வலையுமாக மறுபடி தொடங்கினால், நம் இழுவைப் படகுகள் அடிமண்ணோடு வாரிக்கொண்டு போகின்றன, போகிற வழியில் அவர்கள் வலையும் அறுந்துபோகிறது. இலங்கையில் இழுவை மடியை 2017-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். எனக்கு ஒருவர் முதலில் தேத்தண்ணி கொடுத்தார், குடித்து முடித்ததும் உள்ளே போய் அறுந்த வலையைத் தூக்கிவந்து மடியில் போட்டார். "உங்கட ஆக்களிட்ட சொல்லுங்கோ" என்றார். சத்தம் போடவில்லை. பிடிபடுகிறவர்கள் கூலிக்குப் போகிறவர்கள், படகு முதலாளி கரையில்தான் இருக்கிறார் என்றேன். "அது எங்களுக்கும் தெரியும்" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை, வலையைச் சுருட்ட நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

இன்னொன்று. 1985 மே 15-ஆம் தேதி, இந்தத் தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினி என்ற படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினர் செய்தது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். இறங்கியதும் செல்ஃபி எடுக்க நிற்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், நீங்களாக அதைப் பற்றிக் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

போகும்போது என்ன கொண்டுபோகலாம், வரும்போது என்ன வாங்கலாம்? — கோவை வாசகி

பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாரி இறைக்கிற வேலை வேண்டாம். கொசுவத்தி, டார்ச், உங்கள் மாத்திரை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள், நல்ல தண்ணீர்க் கிணறு சில இடங்களில்தான், மற்றதெல்லாம் உவர். ஒரு வாளியில் குளிக்கப் பழகிக்கொண்டு போங்கள். பெண்கள் கிணற்றடியில் நிற்கும்போது காமிராவைப் பைக்குள் வையுங்கள்.

வரும்போது முருகைக்கல் ஒன்றுகூட வேண்டாம், அது யாரோ ஒருவர் வேலியில் இருந்ததாக இருக்கும். பனங்கட்டி (நம் கருப்பட்டிதான்) வாங்குங்கள், பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்த பனாட்டு வாங்குங்கள். புழுக்கொடியலும் வாங்கலாம், ஆனால் மரக்கட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்கும். நான் ஆசையாக ஒரு கிலோ வாங்கிவந்து, ரெண்டாவது துண்டிலேயே கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் பெயர்ந்து, மீதியை வீட்டில் இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறார்கள்.