வேலை போகுமோன்னு பயம், பி.பி ஏறுது... ஜோக்கும் சின்ன டிரிப்பும் போதுமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு, அமெரிக்காவுல மேரிலாண்ட்ல இருக்கோம். சிட்டிசன்ஷிப் வாங்கின பிறகு ஃபெடரல் கவர்மென்ட் வேலையில சேர்ந்தேன். 2025 ஜனவரியிலிருந்தே எங்க ஆபீஸ்ல யாரை எப்ப தூக்குவாங்கன்னு தெரியல. ஏப்ரல்ல பக்கத்து டீம் மொத்தமா போயிடுச்சு, அக்டோபர்ல பட்ஜெட் பாஸ் ஆகாம ஆரம்பிச்ச அரசாங்க ஷட்டவுன் 43 நாள் ஓடுச்சு, இப்ப மறுபடி லிஸ்ட் வருதுன்னு பேச்சு. நான் ஜோக் அடிச்சே ஓட்டிட்டு இருக்கேன். "போன வாரம் செஞ்ச 5 வேலையை எழுதி அனுப்பு"ன்னு எல்லாருக்கும் மெயில் வந்தப்ப, எங்க மாமியாரே ராத்திரி சாப்பிட உட்கார்ந்து "நான் செஞ்ச அஞ்சு வேலை, ஒண்ணு மாவு அரைச்சேன்"னு ஆரம்பிச்சு எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டாங்க. சனிக்கிழமை ஆனா எங்கயாவது கிளம்பிடுவோம். வீட்டுக்காரர் "நிலைமை புரியாம விளையாடிட்டு இருக்க"ன்னு கோவப்படுறார். ஆனா ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்து மெயில் பாக்குறேன், வீட்டு மெஷின்ல பி.பி 148/94 காட்டுச்சு, சில நேரம் நெஞ்சு இறுக்குது. நான் பண்றது தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா. ஆனா முதல்ல அந்த நெஞ்சு இறுக்கத்தைப் பாத்துடுவோம், கடைசி வரியில போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் முதல் வரி. டென்ஷன்ல நெஞ்சு இறுக்கலாம், நிஜம். ஆனா "டென்ஷன்தான்"னு நீங்களே முடிவு பண்ணக்கூடாது. அமெரிக்க இதய மருத்துவர்களோட 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல்ல, தெற்காசிய வம்சாவளிங்கறதையே இதய நோய் ஆபத்தைக் கூட்டுற ஒரு காரணமா சேர்த்திருக்காங்க, உங்களுக்கு 46 வயசு, பி.பியும் ஏறியிருக்கு. அதனால இந்த வாரமே உங்க டாக்டரைப் பாத்து ஒரு ஈ.சி.ஜி, சுகர், கொலஸ்ட்ரால் பாத்துடுங்க. அதுக்கு நடுவுல இறுக்கம் சில நிமிஷத்துக்கு மேல நின்னாலோ, நடக்கும்போது, படி ஏறும்போது வந்தாலோ, கை, தாடை, முதுகுப் பக்கம் பரவினாலோ, வேர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, குமட்டினாலோ யோசிக்காம எமர்ஜென்சி நம்பர் 911க்கு போன் பண்ணுங்க. பெண்களுக்கு மாரடைப்பு பெரிய வலியா வராம வெறும் குமட்டல், தாங்க முடியாத அசதின்னு கூட வரும், கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுட்டு படுத்துடாதீங்க.

பி.பியை ஒரு தடவை பாத்த நம்பரை வெச்சு சொல்ல முடியாது, அதுவும் 3 மணிக்கு மெயில் பாத்துட்டு உடனே பாத்ததா இருந்தா அந்த நம்பருக்கு மதிப்பே இல்ல. காபி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும், பாத்ரூம் போயிட்டு வந்து 5 நிமிஷம் பேசாம உட்காருங்க, முதுகு சாஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில, கை நெஞ்சு மட்டத்துக்கு மேஜை மேல. காலையில ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை, ஒரு வாரம் எழுதுங்க. சராசரி 130/80க்கு மேலயே நின்னா டாக்டர்கிட்ட அந்த நோட்டோட போங்க, மாத்திரை வேணும்னு சொன்னா போட்டுக்கோங்க, வேலை பிரச்னை தீர்ந்தா தானா சரியாகிடும்னு தள்ளிப் போடாதீங்க. 180/120க்கு மேல போய் கூட தலைவலி, நெஞ்சுவலி, பார்வை மங்கல் இருந்தா அது எமர்ஜென்சி.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். வேலை போன பிறகு வர்ற கஷ்டம் எல்லாருக்கும் தெரியும், போகுமா போகாதான்னு காத்திருக்கிற காலம் உடம்பை என்ன பண்ணும்னு யாரும் பெருசா பேசறதில்ல. லண்டன் கவர்மென்ட் ஆபீஸ்கள்ல வேலை பாத்த 10,308 பேரை ஒயிட்ஹால் ஆய்வுன்னு 1985லிருந்து தொடர்ந்து கவனிச்சாங்க. அதுல ஒரு டிபார்ட்மென்ட்டை தனியாருக்கு விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், இன்னும் ஒருத்தருக்கும் வேலை போகாத அந்த காலத்துலயே, அங்க இருந்தவங்க மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்களைவிட உடம்பு மோசமா இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கும் முன்னாடி 1960கள்ல அமெரிக்காவுலயே, மூடப் போற ஃபேக்டரி ஆளுங்களை கவனிச்சப்ப, மூடறதுக்கு முன்னாடியே பி.பி ஏறியிருந்துச்சு, புது வேலையில நிலைச்ச பிறகு இறங்குச்சு. 2016ல லண்டன்ல ஒரு சோதனை பண்ணாங்க, கையில சின்ன ஷாக் கண்டிப்பா வரும்னு தெரிஞ்சவங்களைவிட, வருமா வராதான்னு பாதிக்குப் பாதி சந்தேகத்துல இருந்தவங்களுக்குத்தான் டென்ஷன் அதிகமா இருந்துச்சு. உங்க வீட்டுல இப்ப நடக்கிறது இதேதான், அதனால "இன்னும் வேலை போகலையே, எனக்கு ஏன் இப்படி ஆகுது"ன்னு உங்களையே திட்டிக்காதீங்க.

சிரிப்பு இந்த இடத்துல நிஜமாவே உதவும். கூட இருக்கறவங்களோட சேர்ந்து சிரிக்கிற சிரிப்புல வலி தாங்குற சக்தி கூடுதுன்னு ஆய்வு இருக்கு, வாழ்க்கைத் துணையை இழந்தவங்கள்லயே அவங்களைப் பத்தி பேசும்போது மனசு விட்டு சிரிக்க முடிஞ்சவங்க நல்லா தேறினாங்கன்னும் பாத்திருக்காங்க. உங்க மாமியார் பண்ணது அந்த வகை, அந்த அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க, குடும்பமே ஒரு பக்கம் நிக்குதுன்னு சாப்பாட்டு நேரத்துல காட்டிட்டாங்க. ஆனா வேற வகையும் உண்டு. வீட்டுக்காரர் வீட்டு லோன் பத்தி வாயைத் திறந்ததும் நீங்க ஒரு ஜோக் அடிச்சு பேச்சை மாத்துறீங்களா, இல்ல "நான்தான் எதுக்கும் லாயக்கில்லாதவ, முதல்ல என்னைத்தான் தூக்குவாங்க"ன்னு உங்களையே மட்டம் தட்டி சிரிக்க வைக்கிறீங்களா? அந்த ரெண்டும் உடம்புக்கு ஆகாது. அவர் கோவத்துக்கு அடியில பயம்தான் இருக்குன்னு எனக்குத் தோணுது, அதை சொல்ல அவருக்கு இடமே கிடைக்காம இருக்கலாம். வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு வெச்சுக்கோங்க, அரை மணி நேரம் ஜோக்கே இல்லாம ரெண்டு பேரும் கணக்கு வழக்கை எடுத்து வெச்சு பேசுங்க, கையில எத்தனை மாச செலவுக்கு இருக்கு, எதை நிறுத்தலாம்னு. அந்த அரை மணி நேரம் முடிஞ்சா மத்த நாள்ல நீங்க சிரிக்கறது அவரையும் உறுத்தாது.

டிரிப் விஷயத்துலயும் நீங்க பண்றது சரி. பெரிய வெக்கேஷனோட நல்ல பலன் வேலைக்குத் திரும்பின கொஞ்ச நாள்லயே கரைஞ்சிடுதுன்னுதான் ஆய்வுகள் சொல்லுது, அதனால வருஷத்துக்கு ஒண்ணு பெருசா போறதைவிட, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி சின்னதா, தவறாம இருக்கறது நல்லது. காசும் இப்ப கையில நிக்கணும். சி அண்ட் ஓ கால்வாய் ஓரம் வாஷிங்டன் ஜார்ஜ்டவுன்ல ஆரம்பிச்சு 184.5 மைல் பாதை இருக்கு, ஏத்தம் இறக்கம் பெருசா இல்லாததுனால உங்க மாமியார் கூட மெதுவா நடக்கலாம். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போயிட்டு அப்படியே முருகன் கோயிலையும் பாத்துட்டு வந்தா அரை நாள் நிம்மதி. ஒரு நாள் முழுசா கிடைச்சா அசடீக் தீவுல காட்டுக் குதிரைங்க கடலோரமா மேயறதைப் பாத்துட்டு வாங்க. வாரத்துக்கு 120 நிமிஷமாவது மரம், தண்ணி உள்ள இடத்துல இருக்கறவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்கறதா சொல்றதுதான் வழக்கமாம், இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேரை வெச்சு 2019ல வந்த ஆய்வு இது. ஆனா குதிரையைப் பாத்துக்கிட்டே ஆபீஸ் மெயிலை ரெஃப்ரெஷ் பண்ணா அது டிரிப் இல்ல. முறைப்படி வர்ற ஆட்குறைப்பு நோட்டீஸ் பொதுவா 60 நாள் முன்னாடி தரணும், அப்ப சனிக்கிழமை 6 மணி நேரம் மெயில் பாக்காததுனால ஒண்ணும் மாறப் போறதில்ல. ராத்திரி 3 மணிக்கும் இதே கணக்குதான். போனை சமையக்கட்டுல சார்ஜ் போடுங்க, 20 நிமிஷமா தூக்கம் வரலைன்னா எழுந்து மங்கின வெளிச்சத்துல உட்கார்ந்துட்டு தூக்கம் வந்தா மட்டும் படுங்க, மத்தியானத்துக்கு அப்புறம் காபி வேண்டாம்.

இன்னொண்ணு, 2025 ஏப்ரல்ல சிலருக்கு ஆபீஸ் வாசல்ல பேட்ஜ் வேலை செய்யாதப்பதான் விஷயமே தெரிஞ்சதுன்னு படிச்சிருப்பீங்க. அந்த பயத்துக்கு மருந்து, உங்க எஸ்.எஃப்-50 (வேலை நியமனம், சம்பள மாற்றம் எல்லாம் பதிவாகிற அரசு படிவம்), அப்ரைசல், சம்பள ஸ்டேட்மென்ட் எல்லாத்தோட காப்பியும் இப்பவே வீட்டுல வெச்சுக்கறது. சிக் லீவ் வேலை போனா காசா வராது, ஆனுவல் லீவ் வரும், அதனால நான் சொன்ன டெஸ்ட்டுக்கெல்லாம் சிக் லீவையே போடுங்க. இன்சூரன்ஸ் முடிஞ்ச பிறகும் 31 நாள் காசு கட்டாம நீளும், அப்புறம் 18 மாசம் வரைக்கும் முழு பிரீமியமும் மேல 2 சதவீதமும் நீங்களே கட்டி தொடரலாம், ஆனா அது பெரிய தொகை, பல்லு கண்ணு மேமோகிராம்னு பாக்கி இருக்கிற செக்கப் எல்லாத்தையும் வேலையில இருக்கும்போதே முடிச்சுடுங்க. ஆபீஸ்ல எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் கவுன்சலிங் இருக்கும், செலவில்லாம சில தடவை பேசலாம். எந்த நேரமாவது "நான் இல்லாட்டி நல்லாயிருக்கும்"னு உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ தோணினா தற்கொலைத் தடுப்பு உதவி நம்பர் 988க்கு போன் பண்ணுங்க, ராத்திரி பகல் எப்பவும் ஆள் இருப்பாங்க.

இந்த சனிக்கிழமை அந்த கால்வாய்ப் பக்கம் போகலாம், மெதுவா. ஈ.சி.ஜி ரிசல்ட் வர்ற வரைக்கும் மலை ஏறுறது, ஜாகிங் வேண்டாம். வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்கும் ஒரு தடவை பி.பி பாத்துடுங்க.