அத்தைய பாத்துக்கறவள யார் பாத்துக்கறது?

கேள்வி: அக்கா, திருப்பூர்ல இருக்கேன், வயசு 36. அத்தைக்கு பக்கவாதம் வந்து ஒரு வருசமா படுக்கைதான். டயப்பர் மாத்துறது, ஊட்டி விடுறது, ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கறது எல்லாமே நான் ஒருத்திதான். அவர் பனியன் கம்பெனிக்கு காலைல போனா ராத்திரி ஒம்பதுக்குதான் வருவாரு. நாத்தனார் மாசம் ஒருக்கா ஆப்பிளோட வந்து, அம்மா எளச்சுட்டாங்களேன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. இப்பல்லாம் சின்ன விசயத்துக்கும் பொண்ண அடிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழறேன். போன வாரம், அத்தை சீக்கிரம் போய்ச் சேந்துட்டா தேவலன்னு தோணிருச்சு, அதுலருந்து என்னையே எனக்கு பிடிக்கல. டாக்டர பாக்கட்டுமான்னு கேட்டா, உனக்கென்ன பைத்தியமாங்கறாரு.

பதில்: தங்கச்சி, அந்த நினைப்பு வந்ததுக்காக நீ கெட்டவ ஆகிட மாட்ட. படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்கறவங்க நிறைய பேருக்கு இது வரும், யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான். நீ எழுதுனத படிச்சா எனக்கு கோவக்காரி தெரியல, ஒரு வருசமா முழு ராத்திரி தூங்காத பொண்ணுதான் தெரியுறா. படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடணும்னு சொல்லியிருப்பாங்க, சரி, ஆனா அத ஒரே ஆள் எத்தன நாள் செய்ய முடியும்? பொறுமையா இரும்மான்னு நான் சொல்ல மாட்டேன், உனக்கு வேண்டியது இன்னும் ரெண்டு கை.

சண்டை இல்லாத ஒரு நேரம் பாத்து அவர்ட்ட பேசு. "நீங்க எதுவுமே செய்யறதில்ல"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கயே முடிஞ்சுரும். "பத்துலருந்து ரெண்டு வரைக்கும் அத்தைய நீங்க பாருங்க, அப்புறம் நான் எந்திரிச்சுக்கறேன்"னு மணி சொல்லிக் கேளு. தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குனாலே பொண்ணு மேல வர்ற கோவம் கொறையறது உனக்கே தெரியும். அடிச்ச அன்னைக்கு அவள கூப்பிட்டு, அம்மா செஞ்சது தப்பு, உன் மேல தப்பில்லன்னு சொல்லிடு, குழந்தைங்க அத தன் தப்புன்னு மனசுலயே வச்சுக்கும்.

இன்னொண்ணு, மக்களைத் தேடி மருத்துவம் 2021லருந்து நடக்குது, பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கு வர்ற திட்டம்னு மட்டும்தான் பலருக்கு தெரியும். படுக்கைல இருக்கறவங்களுக்கு பிசியோதெரபி செய்யவும், புண்ணு கிண்ணு பாக்கவும் அதுலயே வீட்டுக்கு ஆள் வருவாங்க, காசு கிடையாது. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல அத்தை பேர கொடு.

டாக்டர கண்டிப்பா பாரு. மொதல்ல ரத்தசோகை, தைராய்டு டெஸ்ட் எடு, அதுலயும் இந்த அசதியும் எரிச்சலும் வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு. ஊருக்கு தெரிஞ்சுருமோன்னு பயப்படாத, நீ பேசுனத ரகசியமா வச்சுக்கணும்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது. போக முடியலன்னா 14416க்கு போன் போடு, 2022லருந்து இருக்கற அரசு மனநல ஆலோசனை சேவை, இலவசம், ராத்திரி ரெண்டு மணின்னாலும் தமிழ்லயே பேசலாம். அத்தைய பத்தி இல்லாம, நாமளே செத்துரலாம்னு என்னைக்காவது தோணுச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காத, அந்த நிமிசமே அவர எழுப்பு, இந்த நம்பருக்கும் போடு.

கேள்வி: நான் வெளியூர்ல வேலை, அம்மாவ அண்ணிதான் பாத்துக்கறாங்க. எங்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறாங்க. என்ன செய்ய?

பதில்: மேல இருக்கற லெட்டர ஒருதரம் படிங்க தம்பி. போன் பண்ணா அம்மா எப்படின்னு கேக்கறதுக்கு முன்னாடி, அண்ணி நீங்க தூங்குனீங்களான்னு கேளுங்க. பகல்ல ஒரு ஆள் வச்சுக்க மாசாமாசம் பணம் அனுப்புங்க, கேக்கட்டும்னு இருக்காதீங்க. லீவுல வர்றப்ப ஒரு வாரம் அம்மா பொறுப்ப முழுசா நீங்க எடுத்துக்கிட்டு அண்ணிய அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி வைங்க. டயப்பர் மாத்தறதயும் சேத்துத்தான்.