பதில்: வி.ஆர் (கண்ணுல ஹெட்செட் மாட்டி ஆடுற) ரேஸ் கேம்ல வளைவு வந்தாலே குமட்டுது
ப்ரோ, நேர் ரோட்டுல ஒண்ணும் ஆகல, வளைவுல மட்டும் குமட்டுதுன்னு சொல்றீங்கள்ல, அப்போ வளையும்போது எங்க பாக்குறீங்கன்னு கவனிங்க. ஓரத்துல சர்ருனு ஓடுற மரம், வேலி மேலயே கவனம் போச்சுன்னா கண்ணு ஓடுறோம்ங்குது, உள்காது சும்மா உக்காந்திருக்கோம்ங்குது, அந்தச் சண்டைதான் வயித்தப் பொரட்டுது. வளைவு முடியுற இடத்தையே பாருங்க, தலைய ரொம்ப ஆட்டாதீங்க. பம்பர் கேமரா (கார் மூக்குலேருந்து ரோடு மட்டும் தெரியுற வியூ) வேணாம், டேஷ்போர்டு தெரியுற வியூ வைங்க. செட்டிங்ஸ்ல விக்னெட் இருந்தா ஆன் பண்ணுங்க, ஓரத்த இருட்டாக்கிடும், 2016ல வந்த, உலகத்தப் பறந்து பாக்குற கூகுள் எர்த் வி.ஆர்லயே பறக்கும்போது இப்படித்தான் மறைப்பாங்க (பாக்க கொஞ்சம் கடுப்பாதான் இருக்கும்). நெத்தி வேர்க்க ஆரம்பிச்சா இந்த ரவுண்டு மட்டும்னு இழுக்காம ஹெட்செட்ட கழட்டிடுங்க, பல்லக் கடிச்சு ஆடினா அப்புறம் மணிக்கணக்கா கிறுகிறுக்கலாம்.