கணினியால் முடியாத எதையாவது மனித மூளை செய்யுமா?

கேள்வியிலேயே ‘செய்யும் என்று கணித மேதை கோடெல் நிரூபித்துவிட்டாரே’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். யூடியூபில் ஏதோ பார்த்திருப்பீர்கள், தப்பில்லை. பொறியியல் கல்லூரியில், கணினியால் எது முடியும், எது முடியாது என்கிற பாடத்தை நடத்துகிறவள் நான். அந்த வரியைக் கண்டும் காணாமல் போக மனசு வரவில்லை.

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடும் பொது வழிமுறை கிடையாது என்று 1936-இல் கணித அறிஞர் ஆலன் ட்யூரிங் காட்டினார். உடனே ‘பார், நமக்கு அது தெரிந்துவிடும், மனிதன் உசத்தி’ என்பார்கள்.

வகுப்பில் இதற்காகவே போர்டில் ஒன்று எழுதுவேன். 4, 6, 8 என்று இரட்டை எண்களை வரிசையாக எடு. இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக வராத எண் கிடைத்தால் நில். இது நிற்குமா?

ஒரு முறை கடைசி பெஞ்ச் பையன் எழுந்து, “நிக்காது மேடம்” என்றான்.

“எப்படிச் சொல்றே?”

“பார்த்தாலே தெரியுது மேடம்.”

வகுப்பே சிரித்தது. ஆனால் 1742-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் எழுப்பிய இந்தக் கேள்விக்கு மேதைகள் கையிலும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. 4-க்குப் பின் 18 பூஜ்யம் போட்ட எண் வரை சோதித்தாயிற்று, அதையும் கணினிதான் செய்தது. நிரூபணம் வரவில்லை. நாளைக்கே யாராவது நிரூபிக்கலாம், மறுக்கவில்லை. எல்லாப் புரோகிராமுக்கும் விடை சொல்லும் சக்தி நமக்கு இருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை.

சரி, கோடெலுக்கு வருகிறேன். 1931-இல் அவர் காட்டியது, எண்கணிதத்துக்குப் போதுமான, முரண்பாடில்லாத விதித்தொகுப்பு எதுவானாலும் அதற்குள் நிரூபிக்க முடியாத உண்மை ஒன்று இருக்கும் என்பதை. அந்த உண்மை நமக்குத் தெரிகிறதே, விதிப்படி ஓடும் கணினிக்குத் தெரியாதே என்று 1961-இல் தத்துவ அறிஞர் லூகாஸும் 1989-இல் இயற்பியல் அறிஞர் பென்ரோஸும் வாதாடினார்கள். விதிகளில் முரண்பாடு இல்லை என்று தெரிந்தால்தானே அது உண்மை என்று சொல்ல முடியும்? நம் மூளைக்குள் முரண்பாடே இல்லை என்று யார் அடித்துச் சொல்வது? எங்கள் துறைக் கூட்டத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள்.

‘பென்ரோஸ் நோபல் வாங்கியவர், நீ யார்’ என்று கேட்க வருகிறவர்களுக்கு: 2020-இல் அவருக்கு அதைக் கொடுத்தது கருந்துளை ஆய்வுக்காக. வலி, அன்பு பற்றியெல்லாம் நான் பேசவில்லை. அது தனிச் சண்டை.

அப்புறம், இந்தப் பாடத்துக்கு இருந்த வகுப்புகளைப் பாதியாக வெட்டி ஏஐ பயிலரங்கத்துக்குக் கொடுத்துவிட்டது நிர்வாகம். இதைப் படித்தால் வேலை கிடைக்காதாம். பயிலரங்கத்துக்குப் பையன்களைப் பிடித்து உட்கார வைத்து அட்டெண்டன்ஸ் எடுக்கும் வேலை மட்டும் எனக்கு.