கறுப்பின மக்கள் விடுதலைப் போரில் ஆற்றிய பங்கை ஓர் அரசு 200 ஆண்டு கழித்து அங்கீகரிப்பதால் யாருக்கு என்ன பயன்?

பயன் உண்டு. ஆனால் உரிய காலத்தில் கிடைக்காத அங்கீகாரம் பாதி அங்கீகாரம்தான். அர்ஜென்டினாவின் மரியா ரெமெடியோஸ் தெல் வாயே கதையைப் படித்ததிலிருந்து இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பியூனஸ் அயர்ஸைச் சேர்ந்த கறுப்பினப் பெண் அவர். 1810-இல் ஸ்பெயினுக்கு எதிரான போர் மூண்டதும் கணவர், இரண்டு மகன்களோடு விடுதலைப் போராளிகளின் வடக்குப் படையுடன் புறப்பட்டார். அந்த மூவரும் போரில் மாண்டார்கள். 1812-இல் துக்குமான் சண்டைக்கு முன், காயம்பட்டவர்களைக் கவனிக்க முன்வரிசைக்குப் போகிறேன் என்று தளபதி மனுவேல் பெல்கிரானோவிடம் அனுமதி கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இவர் அதையும் மீறிப் போனார். அப்புறம் அதே பெல்கிரானோதான் அவரைக் கேப்டன் ஆக்கினார். 1813-இல் அயோஊமா தோல்வியின்போது குண்டடிபட்டு எதிரிகளிடம் பிடிபட்டார். சக கைதிகள் தப்பிக்க உதவியதற்காக ஒன்பது நாள் ஊரறியச் சவுக்கடி. அதற்குப் பிறகும் தப்பி வந்து படையில் சேர்ந்துகொண்டார்.

நாடு விடுதலை பெற்றது. அவரோ பியூனஸ் அயர்ஸ் தெருவில் பிச்சை எடுத்தார். உதவி கேட்டு 1826-இல் போட்ட மனுவைத் தட்டிக்கழித்தார்கள். மறு ஆண்டு தெருவில் அவரை அடையாளம் கண்டுகொண்ட தளபதி வியமோந்தே விஷயத்தைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோக, 1828-இல் கேப்டன் சம்பளம் ஓய்வூதியமாக ஒதுக்கப்பட்டது. வாழ்க்கை வரலாறு எழுதி அச்சிட வேண்டும், நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்றும் அப்போதே பேசி முடிவெடுத்தார்கள். இரண்டும் நடக்கவில்லை. பியூனஸ் அயர்ஸில் அவருக்குச் சிலை வந்தது 2022-இல்!

அவர் ஒருவர் மட்டுமல்ல. 1817-இல் விடுதலைப் படைத் தளபதி சான் மார்ட்டினோடு ஆண்டிஸ் மலையைக் கடந்த 7, 8-ஆம் பட்டாளங்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்து படைக்கு எடுக்கப்பட்டவர்கள். படையில் சேவை செய்து முடித்தால் விடுதலை என்பது பேச்சு. பலர் அந்த நாளைப் பார்க்கவே இல்லை. அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சாசனம் வந்ததே 1853-இல்தான்.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது? மரியா இறந்த நவம்பர் 8-ஐ ஆப்பிரிக்க வம்சாவளி அர்ஜென்டினரின் தேசிய நாளாக 2013-இல் சட்டம் போட்டு அறிவித்தார்கள். 2024-இல் வந்த 10,000 பெசோ நோட்டில் பெல்கிரானோவுக்குப் பக்கத்தில் அவர் இருக்கிறார். 'எங்கள் நாட்டில் கறுப்பர்களே இல்லை' என்று பல தலைமுறையாகச் சொல்லிவந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கறுப்பினக் குழந்தை ஒன்று அந்த நோட்டைக் கையில் வாங்கும்போது, 'நீ எந்த ஊர்?' என்று அதனிடம் யாரும் கேட்க முடியாதபடி ஒரு பதில் அதிலேயே இருக்கிறது.

இதைவிடப் பெரிதாக நான் நினைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. ஆப்பிரிக்க வம்சாவளியா என்ற கேள்வி 2010-இல் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் கேட்கப்பட்டது. 2022-இல் நாடு முழுக்கக் கேட்டார்கள். 3 லட்சம் பேருக்கு மேல் ஆம் என்றார்கள்.